ஷிராசாகி மாளிகைக்கு அம்மா சொன்ன யோசனை

நான் புள்ளியியலில் இரண்டாவது முறையும் தோற்ற அதே வசந்தத்தில்தான் என் அம்மா எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தாள்.

யொனாகோ பெரிய ஊர் இல்லை. பொருளியலும் வணிகமும் படிக்க வேண்டுமென்றால் அந்த ஒரே மாகாணப் பல்கலைக்கழகம்தான். ஒசாகாவிலோ டோக்கியோவிலோ இடம் கிடைக்காதவர்களும், கிடைத்தும் வீட்டில் அனுப்பாதவர்களும் அங்கே சேருவோம். நான் முதல் வகை. சேர்ந்த நாளிலிருந்து எப்போது இந்த ஊரைவிட்டுக் கிளம்புவோம் என்பதுதான் என் நினைப்பு. வகுப்பில் உட்கார்ந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடும். முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடும்.

அம்மா சிகாயே, வேளாண் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். அந்தக் கிளையை மூடியபோது, வேறு கிளைக்குப் போகிறாயா, விலகிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். விலகிக்கொண்டாள். குளிர்காலம் முழுக்கப் போர்வை மூடிய கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தையல் புத்தகம் என்று அப்பா நினைத்தார். வேலைபார்த்தவர்களுக்கென்று இருக்கும் தனி நுழைவுத்தேர்வை எழுதித் தேறிய பிறகுதான் எங்களிடம் வாயைத் திறந்தாள்.

"எங்க காலேஜா?" என்றேன். "வேற எடமே கிடைக்கலையா உனக்கு?"

"பஸ்ல போயிட்டு வர்ற தூரத்துல வேற எது இருக்கு?"

"அங்க என்னைப் பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

"நீதான் வகுப்புப் பக்கமே போறதில்லையே தோவா, எங்க பார்க்கப் போறேன்?"

அப்பா சிரித்தார். அவர் சகாய் துறைமுகத்திலிருந்து ஒசாகாவுக்கு மீன் ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறவர். நண்டுப் பருவத்தில் வீட்டில் இருக்கும் நேரத்தைவிட வண்டியில் இருக்கும் நேரம்தான் அதிகம். மனைவி படிக்கப் போவது அவருக்கு ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. நாலு மாசம் போய்விட்டுத் தானாக நின்றுவிடுவாள் என்று என்னிடம் பந்தயம் கட்டினார்.

புள்ளியியல் வகுப்பில் முதல் நாள் கதவைத் திறந்தேன். முதல் வரிசையின் நடுவில், சீவி முடித்த பென்சில்களை வரிசையாக வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். முதலாண்டுக்கான பாடம் அது. மூன்றாம் ஆண்டு மாணவி நான் பின்கதவு வழியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் போலவே தோற்றுப்போன தனாபே அங்கே ஏற்கனவே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஸ்டேஷன் பக்கம் ராமென் நூடுல்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன்; அவன் சட்டையில் எப்போதும் மாட்டெலும்புச் சாற்றின் வாசனை இருக்கும்.

அம்மா கேள்வி கேட்டாள். ஒன்றல்ல, புரியும்வரை கேட்டாள். "சார், திரும்ப ஒரு தடவை" என்பாள். வாத்தியார் திரும்பச் சொல்வார். "இன்னும் புரியல சார்." எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருக்கும். ஆனால் ஒரு மாதத்தில் என்ன ஆயிற்றென்றால், மற்றவர்கள் தங்கள் சந்தேகத்தை அவளிடம் சொல்லிக் கேட்கச் சொன்னார்கள். மழைக்காலம் வருவதற்குள் அவள் எல்லாருக்கும் அக்கா ஆகிவிட்டாள்.

"சிகாயே அக்கா எடுக்கிற குறிப்பு மாதிரி வருமா!" என்றான் தனாபே.

"டேய், அது எங்கம்மா."

"தெரியும். அதுக்காக நானும் அம்மான்னு கூப்பிட முடியுமா? அவங்க முதல் வருஷம், நான் மூணாவது வருஷம். முறையா பார்த்தா நான்தான் அவங்களுக்கு சீனியர்."

அந்தப் பருவத்தில் நானும் தேறினேன், தனாபேயும் தேறினான். அம்மா வகுப்பில் முதலாவதாக வந்தாள். அப்பா பந்தயத்தில் தோற்று எனக்கு நண்டு வாங்கித் தந்தார். சாப்பிடும்போது அம்மா அவரிடம் கேட்டாள்:

"நீங்க ஒசாகாவுக்கு வண்டி ஓட்டுற நேரத்துல வேற என்ன செஞ்சிருக்க முடியும்னு யோசிச்சிருக்கீங்களா?"

"தூங்கியிருப்பேன்."

"அதில்ல. ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறப்ப, விட்டுட்ட இன்னொண்ணுதான் அதுக்கு உண்மையான விலைன்னு எங்க பாடத்துல வருது."

"அப்ப என் தூக்கம்தான் விலை. ரொம்ப அதிகம். இந்த நண்டுக் காலை உடைச்சுக் குடு."

அம்மா நண்டுக் காலை உடைத்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. அந்தக் கேள்வியை அவள் அப்பாவைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆனால் அதற்குமேல் யோசிக்க எனக்குப் பொழுதில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் வேலை தேட ஆரம்பித்திருந்தார்கள். கறுப்பு கோட்டும் சூட்டும் தைத்துக்கொண்டு, சாயம் பூசியிருந்த தலைமயிரைத் திரும்பக் கறுப்பாக்கிக்கொண்டு, ஒருநாள் பயிற்சிக்கென்று ஒசாகாவுக்கும் ஒகயாமாவுக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் தைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. எந்த வேலையானாலும் சரி. இங்கே இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இலையுதிர் பருவத்தில் ஒச்சியாய் சார் நடத்தும் வணிகப் பயிற்சி வகுப்பு இருந்தது. எந்த ஆண்டு மாணவரும் எடுக்கலாம். ஊரில் ஒரு தொழிலின் உண்மையான சிக்கலை எடுத்துக்கொண்டு, மூன்று பேர் கொண்ட குழுக்கள் வழி கண்டுபிடித்து, முதலாளியின் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். எனக்குத் தனாபே வந்தான். பிறகு சார் மூன்றாவது சீட்டைப் பிரித்து வாசித்தார்: "கதொவாகி சிகாயே."

வகுப்பு மொத்தமும் கைதட்டியது. அம்மா என் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கினாள், முன்பின் தெரியாதவர்களை வணங்குகிற மாதிரி. "தயவுசெஞ்சு என்னையும் சேர்த்துக்குங்க" என்றாள். தனாபே விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த ஆண்டு எடுத்துக்கொண்ட தொழில் ஷிராசாகி மாளிகை. கடற்கரைச் சாலையில் இருக்கும் கல்யாண மண்டபம். வெள்ளைத் தூண்கள், நீளமான படிக்கட்டு, கூரையில் பெரிய கண்ணாடி விளக்கு. ஊரில் ஒரு காலத்தில் கல்யாணம் என்றாலே அங்கேதான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அங்கேதான் நடந்தது. இப்போது சனிக்கிழமைகளில்கூட அது இருட்டாகக் கிடந்தது. முதலாளி மியோஷி, அப்பா வயதுக்காரர், அவரே வகுப்புக்கு வந்து பேசினார். "பிள்ளைங்க மனசு எங்களுக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். எப்படியாவது கல்யாணத்தைத் திரும்ப எங்க எடத்துக்குக் கொண்டுவரணும்" என்று சொல்லித் தலை தாழ்த்தினார்.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பல்கலைக்கழகத்தில் முதல் தடவையாக ஒரு பாடத்தில் என் கால் ஆடாமல் இருந்தது. இருபது பேர் மட்டும் வரும் சின்னக் கல்யாணம், கடலை ஒட்டிய முற்றத்தில் சடங்கு, பிறகு மாட்டெலும்பு ராமென் விருந்து என்று நான் திட்டம் போட்டேன். ராமென் தனாபேயின் சேர்க்கை. படங்கள் வரைந்தோம். இளம் ஜோடிகளிடம் கேள்வித்தாள் கொடுத்தோம். மழை கொட்டும் நாட்களில் குடை பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தோம். சோற்றுப்பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று எங்கள் பக்கத்தில் சும்மாவா சொல்கிறார்கள்.

அம்மா தன் வயதுப் பெண்களிடம் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கைகேயில் இருக்கும் வெந்நீர் ஊற்றுப் பொதுக் குளியலுக்குப் போய்வந்தாள். எங்கள் திட்டத்துக்கு அவர்கள் எதற்கு என்று கேட்டேன். "கல்யாணத்துக்குச் செலவு பண்றது யாரு? அம்மாக்கள்தானே" என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டேன். மேடையில் முதல் பாதியை நான் பேசுவது, இரண்டாவது பாதியில் கணக்கையும் புள்ளிவிவரத்தையும் அம்மா சொல்வது என்று முடிவு செய்தோம்.

ஜனவரியில், மாளிகையின் பெரிய விருந்துக் கூடத்திலேயே நிகழ்ச்சி. வெளியே பனி. மியோஷி முதலாளியும், சமையல்காரர்களும், மற்ற குழுக்களும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நாற்காலியில் ஒரு முதியவர். நோஸு என்று பெயர். பல வருடங்கள் அந்த மண்டபத்துக் கல்யாணங்களில் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியை நடத்தியவர், ஓய்வு பெற்றுவிட்டார் என்று அறிமுகப்படுத்தினார்கள்.

நான் நன்றாகப் பேசினேன். மியோஷி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு அம்மா எழுந்தாள். கையில் தாள் இல்லை.

"எங்க குழு சொன்ன யோசனை நல்ல யோசனை" என்றாள். "ஆனா அதனால இந்த எடம் பிழைக்காது. இந்த ஊர்ல கல்யாணம் குறைஞ்சிட்டே வருது. பிள்ளைங்க வெளியூர் போயிடுறாங்க, அங்கேயே கட்டிக்கிறாங்க. இங்க குறையாம நடக்கிறது ஒண்ணுதான். சாவு."

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"நான் குளியல்ல பெண்களைக் கேட்டேன். உங்க பிள்ளைக்குக் கல்யாணம் எங்க வைப்பீங்கன்னா, தெரியல, அவன் பண்ணுவானான்னே தெரியலங்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் போனா எங்க வைப்பீங்கன்னு கேட்டா உடனே பதில் வருது. ஊருக்கு வெளில இருக்கிற அந்த இறுதிச் சடங்கு மண்டபத்துல வைக்கவே மாட்டேன், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, சோறு ஆறிப்போய் வருது, உறவுக்காரங்க படுக்க எடம் இல்லைங்கிறாங்க. இங்க நல்ல சமையல் இருக்கு. மணப்பொண்ணு தங்குற அறைங்க இருக்கு. வண்டி நிறுத்த எடம் இருக்கு. கீழ்த்தளத்தை இறுதிச் சடங்குக்கு மாத்துங்க. மேல ஒரு கூடத்தைக் கல்யாணத்துக்கு வெச்சுக்குங்க."

மியோஷியின் முகம் சிவந்துவிட்டது. கல்யாணம் நடக்கும் இடத்தில் சாவு என்ற சொல்லையே உச்சரிக்கக்கூடாது என்பார்கள். தலைமைச் சமையல்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. நோஸு.

"நல்லா இருக்கே!" என்றார் உரத்த குரலில். "மியோஷி, என்னை இங்கேயே வெச்சிடு. வேற எங்கேயும் எனக்கு வழி தெரியாது."

யாருக்கும் சிரிக்க வரவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அம்மாவைப் பிடித்தேன். பனி ஈரமாக விழுந்துகொண்டிருந்தது. தனாபே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு, யார் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட."

"ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்தான்! அதுக்குப் பேரு குழு. மூணு மாசமா மழையில நாயா அலைஞ்சேன். நீ ஒரு நிமிஷத்துல எல்லாத்தையும் குழியில போட்டு மூடிட்ட."

"மூடல. உன் யோசனை நல்லதுன்னுதானே ஆரம்பிச்சேன்."

"நல்லது, ஆனா செத்துப்போகும்னு சொன்ன!"

"அக்கா, தோவா, உள்ள போய்ப் பேசலாமே" என்றான் தனாபே. "எல்லாரும் ஜன்னல் வழியா பார்க்கிறாங்க."

"நீ வாயை மூடு" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "உங்கிட்ட சொல்லியிருக்கணும். அது தப்புதான். ஆனா சொல்லியிருந்தா நீ அதை அழகா மாத்தி எழுதியிருப்ப. எனக்கு அது அழகா வேண்டாம்னு இருந்துச்சு" என்றாள். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். நான் அவளோடு ஒரே பஸ்ஸில் போக மனமில்லாமல் வீடுவரை நடந்தேன். காலணிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது.

ஒச்சியாய் சார் எங்கள் குழுவுக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டார். அம்மாவுக்கு மட்டும் குறைத்துவிட்டார். கூட்டாளிகளிடம் பேசாமல் மேடையில் மாற்றிச் சொல்வது வியாபாரத்தில் துரோகம் என்று அவளிடம் நேரிலேயே சொன்னாராம். அம்மா அதை ஒத்துக்கொண்டாள்.

அப்பா அவள் யோசனையையே ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்ப் பேச்சு அவருக்குத் துறைமுகத்திலேயே எட்டியிருந்தது. வந்தவர் காலணியைக் கழற்றும் முன்பே கேட்டார்:

"நமக்குக் கல்யாணம் நடந்த எடத்துல பொணத்தை வைக்கச் சொன்னியா?"

"கீழ்த்தளத்துல" என்றாள் அம்மா. "நம்மது மேல நடந்துச்சு."

"சிகாயே, நான் விளையாடல."

"நானும்தான் விளையாடல. அந்த எடம் பூட்டிக் கிடக்கிறதைவிட யாராவது வந்துபோறது நல்லதில்லையா?"

"உனக்கு அங்க ஒண்ணுமே தோணலையா? அந்தப் படிக்கட்டுல என் கையைப் பிடிச்சுட்டுத்தானே எறங்கின?"

அம்மா குழாயைத் திறந்தாள். அரிசியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "தோணுச்சு" என்றாள் கடைசியில். "தோணுனதாலதான் மூணு மாசம் யாருகிட்டயும் சொல்ல முடியல."

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று திசை. அப்பா வண்டியோடு போனார். அம்மா நூலகத்தோடு போனாள். நான் வேலை தேடும் ஓட்டத்தில் இறங்கினேன். மலைகளுக்கு நடுவே ஒசாகாவுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலைக்குக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன். திரும்பி வருவதற்குள் கைப்பேசிக்கு மறுப்பு வந்துவிடும். உங்கள் வருங்காலம் மேன்மேலும் சிறக்கப் பிரார்த்திக்கிறோம் என்று எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி எழுதும். "இன்னைக்கும் கும்பிட்டு அனுப்பிட்டாங்களா?" என்று தனாபே கேட்பான். அவனைப் பார்த்தால் எரிச்சலாக வரும். வசந்தத்திலேயே அவனுக்கு ஒகயாமாவில் உணவு எந்திரங்கள் விற்கும் கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது.

ஒசாகாவில் ஓர் இடத்தில் மூன்றாவது சுற்றுவரை போனேன். படிக்கும் காலத்தில் நீங்கள் மிகவும் பாடுபட்டுச் செய்தது என்ன என்று எல்லாரும் கேட்கும் கேள்வியைத்தான் அங்கேயும் கேட்டார்கள். நான் ஷிராசாகி மாளிகையைச் சொன்னேன். மழையில் அலைந்தது, கடற்கரைக் கல்யாணம், பிறகு அம்மா எழுந்து சொன்னது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப நாங்க கூப்பிட்டிருக்க வேண்டியது உங்க அம்மாவைத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு ஒகயாமா எல்லைவரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

மியோஷி முதலாளி வசந்தம் முழுக்க யோசித்தாராம். கோடையில் மாளிகையின் கீழ்த்தளத்தில் தச்சர்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். அம்மாவை அவர் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டனுப்பினார். கண்ணாடி விளக்கைக் கழற்றுவதா வேண்டாமா என்பதில்தான் பெரிய சண்டையாம். அம்மா கழற்ற வேண்டாம் என்றாளாம். ஒளியை மட்டும் குறைத்தால் போதும் என்றாளாம்.

நவம்பரில் நோஸு போய்விட்டார். தூக்கத்திலேயே. அவர் பிள்ளைகள் கோபேயிலிருந்து வந்தார்கள், மியோஷியிடம் போய்க் கேட்டார்கள். மாளிகையின் புதுக் கூடத்தில் நடந்த முதல் இறுதிச் சடங்கு அவருடையது.

அப்பா கறுப்பு சூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். வரமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். "அவர் நடத்துன கல்யாணம் எங்களது" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். வெளியே சாலைவரைக்கும் வரிசை நின்றது. பாதி ஊர் வந்திருந்தது. எல்லாரும் ஜோடி ஜோடியாக. கணவன் போய்விட்ட பெண்கள் தனியாக. ஊதுபத்தி வைத்துவிட்டு நகர்ந்தவர்கள் உடனே வெளியே போகாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "அந்தத் தூண்கிட்டதான் படம் எடுத்தாங்க" என்று யாரோ சொன்னார்கள். "உங்களுக்கும் அவர்தானா?" என்று முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மைக்கை மியோஷியே பிடித்தார். நடுவில் அவர் குரல் உடைந்து நின்றுவிட்டது. கண்ணாடி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் அப்பா, பக்கத்தில் இருந்த மீன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க கல்யாணத்துல அவர் என் பேரை மாத்திச் சொல்லிட்டாரு. யசுநோரின்னு சொல்றதுக்குப் பதிலா யசுஹிரோன்னு. விருந்து முடியுற வரைக்கும் நான் யசுஹிரோதான். இவ அப்பவே என் காதுல கேட்டா, அப்ப நான் யாரைக் கட்டிக்கிட்டேன்னு."

மீன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூடான சூப் வந்தது. அம்மா அதை முதலில் அப்பா பக்கம் தள்ளினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். அம்மா சொன்னது சரியாகத்தான் போயிற்று, அதில் எனக்கு வருத்தம்கூட இல்லை. எனக்கு வேறொன்று குடைந்தது. அவளுக்கு ஓர் இடத்தைப் பார்த்தால் அது என்னவாக முடியும் என்று தெரிகிறது. எனக்கு என்னையே பார்த்தாலும் தெரியவில்லை.

புத்தாண்டின் மூன்றாம் நாள், இனிப்புப் பயற்றுச் சூப்பில் மோச்சி அரிசி உருண்டையைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். மியோஷியின் சிநேகிதர் ஒருவருக்கு ஹிரோஷிமாவில் இப்படியே ஈயாடும் மண்டபங்கள் சில இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று கூட இருந்து பார்க்க ஆள் வேண்டுமாம். அம்மாவைக் கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வசந்தத்தில் போக நினைக்கிறாள்.

"போறேன்னு சொல்லிட்டியா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்ல. உங்ககிட்ட முதல்ல சொல்றேன். ஒரு தடவை பட்டதுக்கப்புறம் புத்தி வந்திருக்கு."

"நாற்பத்தெட்டு வயசுல தனியா வீடெடுத்து?"

"ஆமா."

"எங்கமேல ஏதாவது வெறுப்பா?"

"வெறுப்பிருந்தா கேட்டுட்டுப் போவேனா?" அம்மா குச்சிகளைக் கீழே வைத்தாள். "சங்கத்துல கவுன்ட்டருக்குப் பின்னால உக்காந்தே இருந்தேன். யார் எங்க போறாங்க, எதுக்குப் பணம் எடுக்கிறாங்கன்னு பார்த்துட்டே. என்னால உக்கார முடியலைங்க இப்ப. இந்தப் பாடமெல்லாம் படிச்சதுக்கப்புறம் சுத்தமா முடியல."

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எழுந்துவிட்டேன். "போறது நான்! இந்த வீட்டுலேர்ந்து போறது நானாத்தான் இருக்கணும். நான்தான் சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன்!"

"நீயும் போயேன். யாரு வேணாங்கிறா?"

"எங்க போறதுன்னுதான் தெரியலம்மா."

வெளியே சொல்லிவிட்ட பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அப்பா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பனி வாரப் போய்விட்டார். ரொம்ப நேரம் வாசலில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் வாசலை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலையும் வாரினார் போலிருக்கிறது. உள்ளே வந்தபோது புருவமெல்லாம் ஈரம்.

"ஹிரோஷிமாவுக்கு எங்க கம்பெனி வண்டி வாரத்துக்கு ரெண்டு தடவை போகுது" என்றார். "அந்த வழியைக் கேட்டுப் பார்க்கிறேன். ஒசாகா எனக்கும் அலுத்துப்போச்சு."

அம்மா போனாள். அப்பாவுக்கு ஹிரோஷிமா வழி கிடைத்தது. அவள் அறையில் சாமான் குறைவு. அப்பா போகும்போதெல்லாம் ஒரு பெட்டி கணவாயும் மாற்றுத் துணியும் கொண்டுபோவார். திரும்பி வரும்போது வீட்டில் இருந்ததைவிட அதிகமாகப் பேசுவார். ஒரு வருடம் கழித்து அவள் சொன்னபடியே திரும்பி வந்து, தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து மீதிப் படிப்பை முடித்தாள். முடித்த கையோடு மறுபடி ஹிரோஷிமாவுக்கே போய்விட்டாள்.

எனக்கு, பட்டமளிப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஊரிலேயே ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியில் இடம் கிடைத்தது. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். மோசமான வேலை இல்லை. மதுக்கடைகளுக்கும் பள்ளிச் சமையல்கூடங்களுக்கும் வண்டி ஓட்டிப் போய் என்ன வேண்டுமென்று கேட்பேன், கேட்காததையும் வாங்கவைப்பேன். எனக்கு அது நன்றாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு சாலைத் திருப்பத்திலும் நேராகப் போய்விடலாமா என்று கை துடிக்கும். தைசென் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒகயாமா இருக்கிறது, தனாபே இருக்கிறான், இருந்தும் துடிக்கும்.

போன மாதம் வேலையை விட்டேன். காரணம் கேட்ட மேலாளரிடம், உடம்பு சரியில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உட்கார முடியவில்லை என்றேன். அவர் என் நாற்காலியைப் பார்த்தார்.

மதியமே வெளியே வந்துவிட்டேன். கடற்கரைத் தடுப்புச் சுவரில் சாய்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். போனில் அவளுக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னடி இந்த நேரத்துல? இரு, வெளில வர்றேன். இங்க சுவரை இடிக்கிறாங்க."

"வேலையை விட்டுட்டேம்மா."

சுத்தியல் சத்தம் தள்ளிப்போயிற்று.

"சண்டையா?"

"இல்ல."

"சரி. அடுத்து என்ன?"

"தெரியல."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"உங்கிட்டதான் முதல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "தெரியலன்னா பரவால்ல" என்றாள். "தெரியலன்னு அங்கேயே உக்காந்துடாத. ரெண்டு துணி எடுத்துட்டு அப்பா வண்டியில ஏறு. இங்க வந்து நல்லா தூங்கு. அப்புறம் நடந்து பார்க்கலாம், நீ எங்க நிக்கிறேன்னு."

"நீ எனக்கு வேலை போட்டுக் குடுப்பியா?"

"மாட்டேன். நீ என் பேச்சைக் கேட்க மாட்ட. நானும் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். போதும், ஒரு தடவை பட்டது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் துறைமுகத்தில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டியில் ஆளுக்கு இடம் இருக்கிறது, ஆனால் மீன் வாசம் அடிக்கும், அப்புறம் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றார். நான் வீட்டுக்குப் போகாமல் நேராகத் துறைமுகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.